மரத்தின் பிள்ளையே, உன் பெயர் என்ன?

ஜப்பான் சூப்பர் மார்க்கெட்டில் காளான் வாங்கியே மொழி கற்கலாம்!

ஜப்பானுக்குக் குடிபோகும் நம்மூர்க் குடும்பங்களுக்கு முதல் வாரத்தில் பெரிய தலைவலி ரயிலும் இல்லை, வீடும் இல்லை. ரயில் நிலையப் பலகைகளில் ஆங்கிலம் இருக்கிறது. வீட்டை அலுவலகமே பார்த்துக் கொடுத்துவிடுவதும் உண்டு. திணறல் ஆரம்பிக்கிற இடம், பக்கத்துத் தெருவில் இருக்கும் சூப்பர் மார்க்கெட்!

உள்ளே காலை வைத்ததும் நாலா பக்கமும் 'இரஷ்ஷாய்மாஸே' என்று குரல் கேட்கும். 'வாங்க, வாங்க' என்று அர்த்தம். அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. லேசாகத் தலையசைத்தால் போதும். ஆனால், அடுத்து என்ன? வெள்ளை வெளேரென்று மூன்று பாக்கெட்டுகள் வரிசையாக இருக்கின்றன. ஒன்று உப்பு, ஒன்று சர்க்கரை, ஒன்று மாவு. எது எது என்று எழுதியிருக்கிறது. நமக்குத்தான் படிக்கத் தெரியாது.

சர்க்கரைக்குப் பதில் உப்பு வாங்கிவிட்டால் ஒரு டம்ளர் காபியோடு போய்விடும். சைவக் குடும்பங்களுக்கு இருக்கும் சங்கடம் அதைவிடப் பெரியது. அட்டையில் கேரட்டும் முட்டைகோஸும் படம் போட்ட சூப் பாக்கெட்டுக்குள் மீன் சாறு இருக்கலாம். உருளைக்கிழங்கு சிப்ஸில் கோழிச் சாறு இருக்கலாம். வீட்டில் குழந்தைக்கு முட்டையோ, வேர்க்கடலையோ ஒத்துக்கொள்ளாது என்றால், அங்கே எழுத்துத் தெரியாமல் இருப்பது ஆபத்தாகவே முடியலாம்.

டோக்கியோவில் இந்தியர்கள் அதிகம் வசிக்கும் இடம் எடோகாவா வட்டாரம். அங்கே நிஷிகசாய் போன்ற பகுதிகளில் துவரம் பருப்பு, புளி, இட்லி அரிசி எல்லாம் கிடைக்கும் இந்திய மளிகைக் கடைகள் இருக்கின்றன. ஆனால், பாலுக்கும் தயிருக்கும் தினப்படிக் காய்கறிக்கும் பக்கத்து ஜப்பானியக் கடைக்குத்தான் போயாக வேண்டும். கணவரோ, மனைவியோ வேலைக்குப் போய்விட்ட பிறகு, வீட்டில் இருப்பவர் தனியாகச் சமாளிக்க வேண்டிய இடம் அது.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது? காளான் அலமாரியிலிருந்து!

ஏன் காளான்?

முதல் காரணம், கண்ணாடித்தாள் வழியே உள்ளே இருப்பது தெரிகிறது. கேரட் படம் போட்டு மீனை ஒளித்துவைக்கும் வேலை இங்கே இல்லை. வாங்கினால் சைவம்தான் என்ற நிம்மதியோடு நின்று நிதானமாகப் பெயரைப் படிக்கலாம்.

இரண்டாவது காரணம், விலை. ஜப்பானில் கடைக் காளான்கள் பெரும்பாலும் கட்டடத்துக்குள் வளர்க்கப்படுபவை. அதனால் வருடம் முழுக்கக் கிடைக்கும்; விலையும் பெரிதாக ஏறி இறங்காது. ஒரு பாக்கெட் சுமார் 100 யென்னிலிருந்து 200 யென்னுக்குள் வாங்கிவிடலாம். தெரியாமல் எடுத்துவிட்டாலும் நஷ்டம் பெரிதில்லை.

மூன்றாவது காரணம்தான் முக்கியம். ஜப்பானிய மொழிக்கு மூன்று வகை எழுத்துகள். ஹிராகானா, கட்டகானா இரண்டிலும் அடிப்படை எழுத்துகள் தலா 46. ஹிராகானா உள்நாட்டுச் சொற்களுக்கு, கட்டகானா பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்த சொற்களுக்கு. மூன்றாவது, சீனாவிலிருந்து வந்த கான்ஜி. அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு பட்டியலிட்ட கான்ஜி எழுத்துகள் மட்டும் 2,136! கேட்டாலே மலைப்பாக இருக்கும். ஆனால், இந்த மூன்றும் ஒரே இடத்தில், கையால் தொட்டுப் பார்க்கும்படி, நாலடி அகலத்தில் காளான் அலமாரியில் இருக்கின்றன. ஷீத்தாக்கே என்ற பெயரை ஹிராகானாவிலும் எழுதுவார்கள், கான்ஜியிலும் எழுதுவார்கள். எரிங்கி என்ற காளானின் பெயர் கட்டகானாவில் இருக்கும். பொருள் ஒன்றேதான் என்பதைக் கண் சொல்லிவிடுவதால், எழுத்து தானாக மனதில் உட்காருகிறது.

பெயருக்குள் ஒரு மரம்

காளானுக்கு ஜப்பானிய மொழியில் பொதுப்பெயர் கினோக்கோ. 'கி' என்றால் மரம், 'நோ' என்றால் உடைய, 'கோ' என்றால் பிள்ளை. மரத்தினுடைய பிள்ளை! தென்னங்கன்றைத் 'தென்னம்பிள்ளை' என்று சொல்லிப் பழகிய நமக்கு இதை மறப்பதுதான் கஷ்டம். மூங்கில் குருத்துக்குப் பெயர் தக்கேனோக்கோ, அதாவது மூங்கிலின் பிள்ளை.

இந்தக் 'கோ' வேறொரு விதத்திலும் உதவும். தராக்கோ என்று ஒரு பாக்கெட் இருக்கும். பாஸ்தா சாஸ், சோற்று உருண்டை எல்லாவற்றிலும் அது வரும். 'தரா' என்பது ஒரு கடல் மீன். தராக்கோ அதன் முட்டை. கினோக்கோவை அறிந்தவர் தராக்கோவைப் பார்த்ததும் 'இது யாருடைய பிள்ளை?' என்று கேட்டுவிடுவார். அதற்காக எல்லாக் 'கோ'வும் பிள்ளை இல்லை. கொமுகிக்கோ என்பது கோதுமை மாவு. அங்கே 'கோ' என்றால் பொடி.

இனி ஒவ்வொரு பிள்ளையாகப் பார்ப்போம்.

ஷீத்தாக்கே: 'ஷீ' என்பது ஒரு மரம், 'தாக்கே' என்றால் காளான். அந்த மரத்தில் வளர்வதால் வந்த பெயர். பழுப்புக் குடை, தடித்த சதை. பாக்கெட்டில் 'கென்போக்கு' என்று இருந்தால், மரக்கட்டையில் வளர்த்தது என்று பொருள். மணம் கூடுதல், விலையும் கூடுதல்.

எனோக்கி: இதுவும் ஒரு மரத்தின் பெயர்தான். சேமியா போல வெள்ளையாக, நீளமாக, கற்றையாக இருக்கும். காட்டில் வளரும் எனோக்கி பழுப்பு நிறம். கடையில் இருக்கும் வெள்ளைக்காரர் பாட்டிலில் வளர்க்கப்படும் ரகம்.

ஷிமெஜி: சின்னச் சின்னக் குடைகள் ஒரே அடியில் கொத்தாக நிற்கும். கடையில் கிடைப்பது பெரும்பாலும் புனா ஷிமெஜி. 'புனா' என்பதும் மரம்தான், பீச் மரம்.

மைத்தாக்கே: 'மை' என்றால் நடனம். காட்டில் இதைக் கண்டவர்கள் சந்தோஷத்தில் ஆடினார்கள், அதனால் இந்தப் பெயர் என்று ஒரு கதை சொல்வார்கள். இதழ் இதழாக விரிந்திருப்பதைப் பார்த்தால், காளானே பாவாடை விரித்து ஆடுவதுபோலத்தான் இருக்கிறது.

எரிங்கி: தடித்த வெள்ளைத் தண்டு, தலையில் சின்னத் தொப்பி. ஜப்பானுக்கு வெளியிலிருந்து வந்த காளான் இது. அறிவியல் பெயரிலிருந்தே அழைப்புப் பெயரும் வந்துவிட்டது. அதனால்தான் கட்டகானா எழுத்து.

நமெக்கோ: வெண்டைக்காயை நறுக்கினால் வருமே, அந்த வழுவழுப்பு இதற்கு உடம்பெல்லாம் உண்டு. பெயரும் அந்த வழுவழுப்பிலிருந்து வந்ததுதான். மிசோ சூப்பில் போடுவார்கள்.

ஹிராத்தாக்கே: 'ஹிரா' என்றால் தட்டை. நம்மூர்ச் சிப்பிக் காளானின் சொந்தக்காரர். ஊர் ஞாபகம் வந்தால் இதை வாங்கலாம்.

மஷ்ஷுரூமு: சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், புரிந்துவிடும்! நம்மூர் மொட்டுக் காளான்தான். ஜப்பானியரிடம் 'மஷ்ரூம்' என்று பொதுவாகக் கேட்டால் இந்த ஒன்றைத்தான் காட்டுவார்கள். எல்லாக் காளானும் வேண்டும் என்றால் 'கினோக்கோ' என்றுதான் கேட்க வேண்டும்.

கிக்குராகே: கறுப்பாக, காதுமடல் போல இருக்கும். ஒலியைக் கேட்டால் 'மரத்து ஜெல்லி மீன்'. கான்ஜியில் எழுதினால் 'மரக்காது'. பெயரில்தான் மீன், பொருளில் இல்லை.

காது என்றதும் இன்னொன்று. 'தாக்கே'யைக் குறிக்கும் கான்ஜி எழுத்தைப் பார்த்தால், மேலே புல்லைக் குறிக்கும் அடையாளம், கீழே காதைக் குறிக்கும் எழுத்து. புல்லுக்கு முளைத்த காது! இப்படி ஒரு படத்தோடு வரும் எழுத்தை மனது லேசில் விடாது.

கடைசியாக ஒருவர் இருக்கிறார், தனிக் கூடையில், இலை விரித்து, ராஜாவைப் போல. மட்சுத்தாக்கே. 'மட்சு' என்றால் பைன் மரம். உயிருள்ள பைன் மரத்தின் வேரோடு சேர்ந்துதான் வளரும் என்பதால், மற்ற காளான்களைப்போல இதைப் பண்ணையில் வளர்த்துச் சந்தைக்குக் கொண்டுவர முடியவில்லை. 1940-களின் தொடக்கத்தில் ஜப்பானில் ஆண்டுக்குச் சுமார் 12,000 டன் கிடைத்தது. இன்று அதில் நூறில் ஒரு பங்கு கிடைப்பதே அரிது. விறகுக்காகவும் சருகுக்காகவும் ஊர்மக்கள் பைன் காடுகளுக்குப் போவது நின்றது. தரையில் சருகு சேர்ந்தது. மரங்களை நோயும் தாக்கியது. விலை எங்கோ போய்விட்டது. விலை அதிகம் என்பதற்கு ஜப்பானியச் சொல் 'தக்காய்'. மட்சுத்தாக்கே தக்காய் என்று சேர்த்துச் சொல்லிப் பார்த்தால் இரண்டு சொல்லும் ஒருசேர மனதில் நிற்கும்.

'வாசனைக்கு மட்சுத்தாக்கே, ருசிக்கு ஷிமெஜி' என்று அங்கே ஒரு பழமொழி உண்டு. அதில் வரும் ஷிமெஜி, ஹொன் ஷிமெஜி என்ற வேறு ரகம். ஆனாலும், பர்ஸைப் பார்த்துவிட்டு புனா ஷிமெஜியை எடுக்கும்போது மனதைத் தேற்றிக்கொள்ள நல்ல பழமொழி!

தமிழ் தெரிந்தவருக்குப் பாதி வேலை மிச்சம்

பெயர்கள் தெரிந்தாயிற்று. இனி கேட்க வேண்டும். இங்கேதான் தமிழருக்கு ஓர் அனுகூலம். ஜப்பானிய வாக்கியம் கிட்டத்தட்ட தமிழ் வாக்கியத்தின் வரிசையிலேயே ஓடுகிறது. வினைச்சொல் கடைசியில் வரும். வேற்றுமை உருபு போன்ற சொல் பெயருக்குப் பின்னால் ஒட்டும்.

'கொரே ஓ குதாசாய்.' கொரே என்றால் இது, 'ஓ' நம்முடைய 'ஐ', குதாசாய் என்றால் கொடுங்கள். இதைக் கொடுங்கள்! ஆங்கிலத்தில் யோசித்துத் திருப்பிப் போட வேண்டிய அவசியமே இல்லை.

'கினோக்கோ வா தோக்கோ தெஸ் கா?' காளான் எங்கே இருக்கிறது என்று கேட்கிறோம். கடைசியில் வரும் 'கா' கேள்விக்குறி. நம்முடைய 'வந்தாயா', 'போனாயா'வில் வரும் 'ஆ' செய்யும் அதே வேலை.

சைவக் குடும்பங்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு. 'நிக்கு வா ஹாய்த்தே இமாஸ் கா?' நிக்கு என்றால் இறைச்சி. ஹாய்த்தே என்றால் சேர்ந்து, இமாஸ் என்றால் இருக்கிறது, கா என்றால் ஆ. 'இறைச்சி சேர்ந்து இருக்கிறதா?' ஒவ்வொரு சொல்லுக்கும் நேர் எதிரே தமிழ்ச் சொல் நிற்கிறது.

சுட்டுச் சொற்களில் இன்னும் சுவாரஸ்யம். கையில் இருப்பது கொரே, எதிரே இருப்பவர் அருகில் இருப்பது சொரே, இருவருக்கும் தள்ளி இருப்பது அரே, கேள்விக்கு தொரே. இது, அது, எது என்று மூன்றோடு நிறுத்திவிட்ட தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அந்தச் 'சொரே' கொஞ்சம் இடிக்கும். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இடிக்கவே இடிக்காது. அவர்கள் பேச்சில் 'உது' இன்றும் உயிரோடு இருக்கிறதே!

இரு மொழிகளுக்கும் இடையில் உறவு உண்டு என்று ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ பல ஆண்டுகள் வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. அந்த வழக்கு எப்படிப் போனாலும், கடையில் நின்று பேசுகிறவருக்கு இந்த ஒற்றுமை கைகொடுக்கிறது.

எண்ணுவதிலும் ஒரு பழக்கம் வேண்டும். நாம் கீரையைக் கட்டு என்றும், வாழைப்பழத்தைச் சீப்பு என்றும், பூவை முழம் என்றும் எண்ணுகிறோம் அல்லவா? அங்கே தட்டையான ஷீத்தாக்கேயை 'மை' என்றும், நீண்ட எரிங்கியை 'ஹொன்' என்றும், கொத்தாக இருக்கும் மைத்தாக்கேயை 'கபு' என்றும் எண்ணுவார்கள். பாக்கெட்டின் பின்னால் இருக்கும் சமையல் குறிப்பில் இந்தச் சொற்கள் வரும்.

லேபிளுக்குள் ஒளிந்திருக்கும் மீன்

காளான் அலமாரியில் கற்ற எழுத்தை, அடுத்து பாக்கெட்டுகளின் பின்பக்கம் பயன்படுத்த வேண்டும். 'கென்ஸாய்ர்யோ' என்ற தலைப்பின் கீழ் சேர்மானங்கள் இருக்கும். எது எடையில் அதிகமோ அது முதலில் வரும்.

சைவர்கள் தேட வேண்டிய முதல் சொல், கட்சுவோ. இது சூரை இனத்து மீன். வேகவைத்து, புகையூட்டி, மரக்கட்டை போலக் காயவைத்து, சீவிச் சாறெடுப்பார்கள். இலங்கைத் தமிழர் சமையலில் வரும் மாசிக் கருவாட்டுக்கு இது ஒன்றுவிட்ட சகோதரன். இந்தச் சாறுதான் 'தாஷி'. ஜப்பானியச் சமையலின் அஸ்திவாரம் அது. அதனால்தான் 'இறைச்சி இல்லாமல்' என்று கேட்டு வாங்கிய பண்டத்திலும் மீன் சாறு வந்துவிடுகிறது. கொடுத்தவர் ஏமாற்றவில்லை. அவர் கணக்கில் தாஷி என்பது உப்பு மாதிரி; அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது. ஆகவே 'நிக்கு' மட்டும் கேட்டால் போதாது. 'சகானா' என்ற மீனையும், 'தாஷி'யையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சாதாரண சோயா சாஸான 'ஷோயு'வில் மீன் இருக்காது. அதே வரிசையில் அதே நிறத்தில் நிற்கும் 'மென்ட்சுயு'விலும் 'தாஷி ஷோயு'விலும் பெரும்பாலும் கட்சுவோ இருக்கும். மிசோவிலும் அப்படித்தான். 'தாஷி இரி' என்று போட்டிருந்தால் சாறு கலந்தது. ஜப்பானியக் குழந்தைகளுக்குப் பிடித்த காரி ரூ கட்டிகளில் பலவற்றில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் கலந்த எண்ணெய் உண்டு. 'எக்கிஸு' என்று முடியும் சொல்லைக் கண்டால் நின்று பாருங்கள். சாறு என்று பொருள். அதற்கு முன்னால் சிக்கின், போக்கு என்று எந்தப் பெயரும் இருக்கலாம். 'போக்கு' பன்றி.

ஒவ்வாமை எச்சரிக்கைப் பட்டியல் தனியாக இருக்குமே, அதைப் பார்த்தால் போதாதா? போதாது. இறால், நண்டு, கோதுமை, சோபா என்னும் பக்வீட், முட்டை, பால், வேர்க்கடலை போன்றவற்றைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்பது சட்டம். 2023-ல் வால்நட்டையும் அதில் சேர்த்தார்கள். ஒவ்வாமை உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு அது பெரிய உதவி. ஆனால், கட்சுவோ அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. ஒவ்வாமைக் கட்டத்தில் மீன் பெயர் இல்லை என்பதால் உள்ளே மீன் இல்லை என்று ஆகிவிடாது. சேர்மானப் பட்டியலைத்தான் படிக்க வேண்டும்.

கான்ஜியில் இரண்டு வடிவங்களைக் கண் பழகிவிட்டால் பாதி பயம் போய்விடும். இறைச்சிக்கான எழுத்து, கீழே திறந்த பெட்டிக்குள் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கூரைகள் வைத்ததுபோல இருக்கும். மீனுக்கான எழுத்தில் நடுவில் நாலு கட்டம் போட்ட வயல், அடியில் வரிசையாக நாலு புள்ளிகள். பல மீன்களின் பெயர் எழுத்துகளில் இந்த மீன் வடிவம் இடது பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். எந்த மீன் என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஏதோ ஒரு மீன் என்று தெரிந்தால் போதுமே!

அதிகமாகப் பயப்படவும் கூடாது. மாட்டுக்கான எழுத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போனால், பால் அட்டைப்பெட்டியையே கீழே வைத்துவிட்டு வர நேரும். கியூனிக்கு என்றால் மாட்டிறைச்சி, கியூன்யூ என்றால் பசும்பால். இரண்டிலும் முதல் எழுத்து ஒன்றே. அதேபோல, 'நின்னிக்கு' என்று யாராவது சொன்னால் 'நிக்கு' என்று காதில் விழுந்து பதற வேண்டாம். அது பூண்டு!

மொபைல் இருக்கிறதே, எதற்குப் படிக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. கேமராவைக் காட்டினால் மொழிபெயர்த்துச் சொல்லும் செயலிகள் இன்று எல்லார் கையிலும் இருக்கின்றன. நீளமான பட்டியலுக்கு அவை நல்ல துணை. ஆனால், அலங்கார எழுத்து, வளைந்த பாக்கெட், பொடி எழுத்து என்றால் செயலியும் தடுமாறும். ஒரு கையில் குழந்தை, மறுகையில் கூடை என்று நிற்பவர், இருபது பாக்கெட்டையும் படம் எடுத்துக்கொண்டிருக்க முடியாது. பத்துச் சொல் கண்ணில் இருந்தால், செயலி தேவைப்படுவது இரண்டு பாக்கெட்டுக்குத்தான். அது மட்டுமல்ல, கடை ஊழியரிடம் ஒரே ஒரு வாக்கியம் ஜப்பானிய மொழியில் கேட்டுப் பாருங்கள். கை நீட்டித் திசை காட்டுவதோடு நிற்காமல், அலமாரி வரைக்கும் கூடவே நடந்து வந்து காட்டுபவர்கள் அங்கே நிறைய.

பில் போடும் இடத்திலும் சில சொற்கள் வேண்டும். 2020 ஜூலை முதல் பிளாஸ்டிக் பைக்குத் தனிக் காசு. அதனால் 'ஃபுக்குரோ' என்று ஒரு கேள்வி வரும். பை வேண்டாம் என்றால் 'தாய்ஜோபு தெஸ்' என்றால் போதும். 'பரவாயில்லை' என்பதுதான் நேர்ப்பொருள். கடையில் சொன்னால் 'வேண்டாம்' என்று ஆகிவிடும். 'சரி, கொடுங்கள்' என்று நினைத்து இதைச் சொன்னால், பத்துப் பொருளையும் கையில் அள்ளிக்கொண்டு வர வேண்டியதுதான்! பணத்தைக் கையில் நீட்டாமல் சின்னத் தட்டில் வைப்பது வழக்கம். பொருட்களைப் பையில் அடுக்குவதும் நம் வேலையே; அதற்குத் தனி மேசை போட்டிருப்பார்கள்.

விலைச் சீட்டில் இரண்டு விலை இருக்கும். பெரிய எழுத்தில் வரி சேராதது, சிறிய எழுத்தில் வரி சேர்ந்தது என்று பல கடைகளில் போட்டிருப்பார்கள். உணவுப் பொருளுக்கு 8 சதவிகிதம், மற்றவற்றுக்கு 10 சதவிகிதம் என்பது 2019 அக்டோபரில் வந்த கணக்கு. மதுவுக்கு 10 சதவிகிதம். சமையலுக்குப் பயன்படும் 'ஹொன் மிரின்' என்ற இனிப்புத் திரவத்துக்கும் 10 சதவிகிதம் போடுவார்கள். ஏனென்றால் அதில் ஆல்கஹால் உண்டு. மது தவிர்க்கும் வீடுகளுக்கு பில்லே சொல்லும் ரகசியம் இது.

சாயங்காலம் போனால் மஞ்சளும் சிவப்புமாகத் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். 'ஹங்காக்கு' என்றால் பாதி விலை. 'வாரி' என்பது பத்துப் பங்கில் ஒன்று. '2 வாரி' என்று இருந்தால் 2 சதவிகிதம் இல்லை, 20 சதவிகிதம் தள்ளுபடி. இந்தச் சொற்களை யாரும் சொல்லித்தராமலே எல்லாரும் கற்றுக்கொண்டுவிடுவார்கள்!

மீன் இல்லாத தாஷி

தாஷியைத் தவிர்த்தால் ஜப்பானியச் சாப்பாட்டையே விட்டுவிட வேண்டுமா? அதற்கும் விடை காளானில்தான்.

1908-ல் கிக்குனே இக்கேதா என்ற விஞ்ஞானி, 'கொம்பு' என்ற கடற்பாசிச் சாற்றின் ருசிக்குக் காரணம் குளூட்டமேட் என்று கண்டுபிடித்து, அந்தச் சுவைக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தார். 1957-ல் அக்கிரா குனினாக்கா, காய்ந்த ஷீத்தாக்கேயின் ருசிக்குக் காரணமான குவானிலேட்டின் பங்கை விளக்கினார். இரண்டும் சேர்ந்தால் ருசி பல மடங்கு ஏறுகிறது. ஜப்பானிய பௌத்த மடங்களின் 'ஷோஜின்' சமையல் சைவம். அங்கே கொம்பும் காய்ந்த ஷீத்தாக்கேயும்தான் தாஷிக்கு ஆதாரம்.

செய்வது எளிது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு சின்னத் துண்டு கொம்பு, நாலைந்து காய்ந்த ஷீத்தாக்கே. ஃபிரிட்ஜில் ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் மெதுவாகச் சூடாக்கி, கொதிக்கும் முன் கொம்பை எடுத்துவிட வேண்டும். ஷீத்தாக்கேயைப் பொடியாக நறுக்கிக் குழம்பில் சேர்த்துக்கொள்ளலாம். காய்ந்ததை வாங்க 'ஹொஷி ஷீத்தாக்கே' என்று கேட்க வேண்டும். ஹொஷி என்றால் காயவைத்தது. ஒயிட்டா மாகாணம் இதற்குப் பேர்போனது. வெயிலில் காயும்போது காளானில் வைட்டமின் டி உண்டாவதால் சைவர்களுக்கு இரட்டை லாபம்.

மற்ற காளான்களை நம் வாணலிக்கும் கொண்டுவரலாம். எரிங்கியை வட்டமாக நறுக்கி மிளகு வறுவல் செய்தால் தண்டு நன்றாகக் கடிபடும். மைத்தாக்கேயைப் பிய்த்து பஜ்ஜி மாவில் தோய்க்கலாம். ஜப்பானியர்களும் அதை தெம்புராவாகப் பொரிப்பார்கள். எனோக்கியைக் கற்றையாக வெங்காயத்தோடு பக்கோடா போடலாம். ஷிமெஜி குருமாவுக்குப் பொருத்தம். எதுவானாலும் அடியில் இருக்கும் கெட்டிப் பகுதியை வெட்டிவிட வேண்டும். அதற்குப் பெயர் 'இஷிசுக்கி'. சமையல் குறிப்பில் முதல் வரியிலேயே அது வரும். ஷீத்தாக்கேயை அரைவேக்காட்டில் சாப்பிட்டால் சிலருக்குத் தோலில் தடிப்பு வரும் என்பதால் நன்றாக வேகட்டும்.

இலையுதிர் காலத்தில் மலைப் பக்கம் சுற்றுலா போகும்போது இன்னொரு சொல் வேண்டும். 'தொக்கு'. நம் வீட்டுத் தக்காளித் தொக்கு இல்லை. முதல் எழுத்தை அழுத்திச் சொன்னால் ஜப்பானிய மொழியில் விஷம்! தொக்குக் கினோக்கோ என்றால் விஷக்காளான். 'ட்சுக்கியோத்தாக்கே' என்று ஒன்று, அச்சு அசலாக ஷீத்தாக்கே போலவே இருக்கும். இருட்டில் மெல்ல ஒளிரும். ஜப்பானில் காளான் விஷ பாதிப்புகளுக்கு அதிகம் காரணமாவது இதுதான். கடையில் பெயர் படிக்கத் தெரிந்துவிட்டது என்பதற்காகக் காட்டில் பறிக்கக் கூடாது. ஊர்க்காரர்களே ஏமாறும் இடம் அது.

பையில் இருக்கட்டும் பத்துச் சொல்!

* ஷியோ - உப்பு
* சாத்தோ - சர்க்கரை
* கியூன்யூ - பசும்பால்
* முத்தோ - சர்க்கரை சேர்க்காதது (தயிர் வாங்கும்போது பார்க்க)
* தமாகோ - முட்டை
* தமானெகி - வெங்காயம் (முட்டையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்!)
* புத்தா - பன்றி
* தோரி - கோழி
* ஷோஹி கிகென் - இந்தத் தேதிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்
* ஷோமி கிகென் - இந்தத் தேதி வரை ருசி குறையாது

மடத்துச் சமையல்காரர் சொன்னது

ஜப்பானிய ஜென் துறவி தோகென் 1223-ல் சீனாவுக்குப் போனார். கப்பல் துறைமுகத்தில் நின்றபோது, ஒரு முதிய மடத்துச் சமையல்காரர் வெகுதூரம் நடந்து, ஜப்பானியக் காளான் வாங்க அந்தக் கப்பலுக்கே வந்தார். அது காய்ந்த ஷீத்தாக்கேயாக இருக்க வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். 'இந்த வயதில் தியானம் செய்யாமல், காளான் வாங்க இவ்வளவு தூரம் அலைய வேண்டுமா?' என்று கேட்டார் தோகென். பெரியவர் சிரித்துவிட்டு, 'பயிற்சி என்றால் என்ன என்று உனக்கு இன்னும் புரியவில்லை' என்ற பொருளில் சொல்லிவிட்டு, அன்றே மடத்துக்குத் திரும்பினார். 1237-ல் தோகென் எழுதிய மடத்துச் சமையல் பற்றிய நூலில் இந்தச் சம்பவம் இருக்கிறது.

மொழிக்கும் அது பொருந்தும். ஊராட்சி அலுவலகங்களும் தன்னார்வலர்களும் குறைந்த கட்டணத்தில் ஜப்பானிய வகுப்புகள் நடத்துகிறார்கள், அவசியம் போகலாம். ஆனால், வகுப்பில் கற்றது நிற்பது கடையில்தான். வாரம் ஒரு காளான், அதன் பெயர், அதன் எழுத்து, ஒரு வாக்கியம். பத்து வாரத்தில் பத்துக் காளான். அதற்குள் கண் தானாக லேபிளின் பின்பக்கம் போகும்; கட்சுவோ இருந்தால் கை தானாகப் பாக்கெட்டைத் திரும்ப வைக்கும். தட்டில் என்ன விழுகிறது என்பதை வீட்டில் இருப்பவரே முடிவு செய்வார். புது ஊரில் அதைவிடப் பெரிய தைரியம் வேறென்ன வேண்டும்?